அம்மாவின் ஈபிஎப் பணம்: வீட்டுக்கு வந்த மூன்று 'அட்வைசர்'களில் யார் என்ன வேலை செய்பவர்?

செம்பனைக்காட்டு மகள்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் போன மாதம் அறுபது முடிந்தது. பதினேழு வயதில் பால் மரம் வெட்டப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார், உரம் போட்டார், கடைசிப் பத்து வருடம் நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎப்பில் இப்போது 1,12,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கும்போது ஒருமுறை கொஞ்சம் எடுத்ததோடு சரி, 55 வயதில் எல்லாரும் எடுத்தபோதும் அம்மா தொடவில்லை.

இந்தச் செய்தி எப்படித்தான் வெளியே போனதோ தெரியவில்லை, மூன்று வாரத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் தூரத்து உறவு அண்ணன், காப்புறுதி (இன்சூரன்ஸ்) விற்பவர், ஆனால் அவருடைய கார்டில் 'வெல்த் பிளானர்' என்று இருக்கிறது. அடுத்து ஓர் அக்கா, பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் விற்பவர். ஈபிஎப் ஐந்து ஆறு விழுக்காடுதான் தரும், பாதியை எடுத்து எங்களிடம் போடுங்கள், பத்து வரும் என்கிறார். மூன்றாவது, புத்தகம் பதியப் போன இடத்தில் பேங்க்கில் உட்கார வைத்துப் பேசிய தம்பி. மூன்று பேரும் 'நான் உங்கள் ஃபைனான்ஷியல் அட்வைசர்' என்றுதான் சொன்னார்கள், ஆனால் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யாரும் தப்பான ஆள் போலத் தெரியவில்லை. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள், யாரிடம் எதைக் கேட்கலாம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். அம்மா ராத்திரி தூங்காமல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

லிந்தாங் சாலை:

தங்கச்சி, நான் 19 வருடமாகக் காப்புறுதி முகவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்வதை நீங்கள் எடைபோட்டுக் கொள்ளலாம்.

முகவர் என்றால் கம்பெனியின் ஆள். பரீட்சை எழுதி, கம்பெனி மூலம் பதிவு செய்துதான் விற்க முடியும். ஆயுள் காப்புறுதியில் நான் ஒரு கம்பெனிக்குத்தான் முகவர், பக்கத்துக் கம்பெனியின் பாலிசி உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் என்று தெரிந்தாலும் அதை என்னால் விற்க முடியாது. என் வருமானம் கமிஷன், அதுவும் பாலிசியின் முதல் சில வருடங்களில்தான் அதிகம். கார்டில் என்ன பட்டம் போட்டிருந்தாலும் இதுதான் வேலை.

இதில் அவமானம் ஒன்றும் இல்லை. போன வருடம் பழ லாரியிலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவரின் மனைவிக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் நானே அலைந்து வாங்கி, கிளைம் பணம் கைக்கு வரும்வரை கூட நின்றேன். அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒரு நல்ல முகவர் இருப்பதன் பொருள் அதுதான்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு அறுபது வயது. அவர் சம்பளத்தை நம்பி யாரும் இல்லை. அவருக்கு எதற்கு மொத்தப் பணத்தைப் பூட்டி வைக்கும் சேமிப்புப் பாலிசி? முதலீட்டோடு சேர்ந்த பாலிசி என்றால், வயது ஏற ஏற அதற்குள்ளிருந்து காப்புறுதிக்காகக் கழிக்கும் தொகையும் ஏறும். அந்த அண்ணனிடம் 'சேல்ஸ் இலஸ்ட்ரேஷன்' தாளைக் கேளுங்கள். முகவருக்கும் விற்பனைக்கும் வருடாவருடம் எவ்வளவு போகிறது என்பது அதில் இருக்கும், அவரே விரல் வைத்துக் காட்டட்டும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை.

தாமான் வீடு:

எதற்கு இவ்வளவு சிரமம்? மொத்தத்தையும் எடுத்து பேங்க்கில் எஃப்டியில் (நிரந்தர வைப்பில்) போடுங்கள். பேங்க் மூழ்கினாலும் டெபாசிட்டைத் திருப்பித் தரும் பிஐடிஎம் பாதுகாப்பு ஒரு பேங்க்குக்கு ஓர் ஆளுக்கு 2,50,000 வெள்ளி வரை உண்டு. என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன், அவரும் நிம்மதியாக இருக்கிறார். இந்த அட்வைசர்கள் யாரையும் வாசலில் ஏற்றாதீர்கள்.

செம்பனைக்காட்டு மகள்:

தாமான் வீடு அண்ணே, அம்மாவும் இதைத்தான் சொன்னார். ஆனால் எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவோமோ என்றும் ஒரு பயம். லிந்தாங் அண்ணே, நல்லவேளை, இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஈப்போ கணக்கு:

நான் ஈப்போவில் லைசென்ஸ் பெற்ற ஒரு நிதித் திட்டமிடல் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். திட்டமிடுபவர் நான் இல்லை, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போடுபவள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள்.

முதலில் எஃப்டி விஷயம். அம்மாவின் பணத்தை ஈபிஎப் வெளியே தள்ளாது. 100 வயது வரை உள்ளேயே வைத்திருக்கலாம், லாப ஈவு வந்துகொண்டே இருக்கும். 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1,12,000-க்கு 5.5 என்று வைத்துக்கொண்டால் வருடம் 6,160 வெள்ளி, மாதம் 500-க்கும் மேல், அதுவும் முதல் தொகையில் கை வைக்காமலேயே. வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம், மாதாமாதம் பேங்க்கில் போடச் சொல்லியும் கேட்கலாம். இதை எடுத்துப் போய் எஃப்டியில் வைப்பதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

இப்போது அந்த மூன்று பேர். யூனிட் டிரஸ்ட் அக்கா ஒரு 'கன்சல்டன்ட்'. எஃப்ஐஎம்எம் என்ற சம்மேளனத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இவரும் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் ஃபண்டுகளைத்தான் விற்பார். 55 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஈபிஎப்பிலிருந்து நேராக முதலீட்டுக்கு மாற்றினால் விற்பனைக் கட்டணம் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, ஆன்லைனில் ஈபிஎப்பின் ஐ-இன்வெஸ்ட் வழியாகப் போனால் அதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் உங்கள் அம்மா அந்த வயதைத் தாண்டிவிட்டார். அவர் எடுத்துக் கையில் கொடுத்தால் அது ரொக்க முதலீடு. அதற்கு 5 விழுக்காடு, சில ஃபண்டுகளில் அதற்கு மேலும் உண்டு. 50,000 போட்டால் முதல் நாளே ஏறக்குறைய 2,500 வெள்ளி போய்விடும், அதற்குப் பிறகு வருடாந்திர நிர்வாகக் கட்டணம் வேறு. பத்து வரும் என்று சொன்னாராமே, யூனிட் டிரஸ்ட்டில் யாரும் எதையும் உறுதி கொடுக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையிலேயே நான் எழுந்து போயிருப்பேன். பிஐடிஎம் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது, பேங்க் கட்டடத்துக்குள்ளே உட்கார்ந்து வாங்கினாலும் கிடையாது. வயதானவர்கள் நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். பேங்க்கில் வாங்கியதெல்லாம் டெபாசிட் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பேங்க் தம்பி அந்தப் பேங்க்கின் சம்பள ஆள். பேங்க் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் ஃபண்டுகள், காப்புறுதிகள் இவைதான் அவர் கடை. மாதத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்ற கெடு அவர் தலைமேல் இருக்கும். அடுத்த வருடம் போனால் வேறு கிளைக்கு மாறியிருப்பார்.

அப்படியென்றால் உண்மையான ஆலோசகர் யார்? நம் நாட்டில் அந்த வார்த்தைகளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 'ஃபைனான்ஷியல் பிளானர்' வேலை செய்ய 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி, முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும், நிறுவனத்துக்குத் தனியாக, ஆளுக்குத் தனியாக. 'ஃபைனான்ஷியல் அட்வைசர்' என்றால் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அங்கீகாரம் வேண்டும். இது பல கம்பெனிகளின் காப்புறுதிகளை ஒப்பிட்டுச் சொல்ல. எங்களைப் போன்ற நிறுவனங்கள் இரண்டையும் வைத்திருப்பது வழக்கம். சிஎஃப்பி, ஆர்எஃப்பி என்று பெயருக்குப் பின்னால் போடுவது படிப்பு, லைசென்ஸ் அல்ல. படித்தவர் எல்லாருக்கும் ஆலோசனை சொல்லிக் காசு வாங்க அனுமதி இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். பிளானர் என்றால் கட்டணம் மட்டும் வாங்குபவர் என்று நினைக்காதீர்கள். திட்டம் எழுதித் தரக் கட்டணம் வாங்குவோம், அதன்படி ஃபண்டோ பாலிசியோ வாங்கினால் கமிஷனும் வரும். கமிஷனை மட்டுமே நம்பி ஓடும் நிறுவனங்களும் உண்டு. அதனால் யாராக இருந்தாலும், 'உங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, இதை நான் வாங்காவிட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும்' என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரோடு மேலே பேசலாம்.

பழைய மண்டோர்:

பிள்ளைகளே, நான் 34 வருடம் தோட்டத்தில் இருந்தவன். நீங்கள் சொல்லும் கட்டணக் கணக்கு எனக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் இந்த ஆலோசகர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் காலத்தில் பண விஷயம் என்றால் தோட்ட ஆபீஸ் கிராணிதான் (குமாஸ்தாதான்). ஈபிஎப் பாரம் அவர்தான் நிரப்புவார், கைரேகை வாங்குவார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இருக்காது. சேமிப்பு என்றால் கூட்டுக் கட்டுவது. இருபது பேர் சேர்ந்து மாதம் ஐம்பது வெள்ளி, ஏலம் எடுத்தவனுக்கு மொத்தம். 1971-லேயே அதைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டார்கள், அது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டு நடத்தியவள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்த பிறகுதான், போலீசில் போய்ச் சொன்னால் நம்மையும் கேட்பார்கள் என்று தெரிந்தது.

நல்லதும் நடந்திருக்கிறது. அப்போது மந்திரியாக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. தொழிலாளிகளிடமே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் வந்து பேசினார். என் அப்பா அதில் பங்கு போட்டவர், அந்தப் பங்குச் சீட்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அதனால்தானோ என்னவோ, தமிழில் பேசிக்கொண்டு வீடு தேடி வந்து பணம் கேட்கும் ஆளை எங்களுக்கு எளிதாக நம்பத் தோன்றும்.

நான் 55 வயதில் ஈபிஎப் பணத்தை எடுத்தேன். கோயில் கமிட்டியில் என்னோடு இருந்தவர் ஒருவர், தங்கத்தில் முதலீடு, மாதம் இரண்டு விழுக்காடு என்று சொல்லி ஒரு கம்பெனியைக் காட்டினார். அவர் கார்டிலும் ஆலோசகர் என்றுதான் இருந்தது. 20,000 வெள்ளி கொடுத்தேன். ஏழு மாதம் சரியாக வந்தது, எட்டாவது மாதம் ஆபீஸ் பூட்டியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் பணமும் அவர் மச்சான் பணமும் அதில் போனது. நான் அன்றைக்கு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் மனைவி கேட்டாள், நான்தான் அவளைப் பேசாமல் இரு என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

ஈப்போ கணக்கு:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. உங்களைப் போலச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க லைசென்ஸ் வேண்டும், இல்லாமல் வாங்குவது குற்றம். பேங்க் நெகாராவும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் தனித்தனியாக எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், கம்பெனி பெயரை அதில் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது, லைசென்ஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேங்க் மூலம் பணம் இப்போதுதான் போய்விட்டது என்றால் மோசடிப் புகாருக்கான 997 எண்ணை உடனே கூப்பிட வேண்டும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. லைசென்ஸ் பெற்ற கம்பெனி மேலேயே புகார் என்றால், 2025 ஜனவரியிலிருந்து புகாரை விசாரித்துத் தீர்த்து வைக்கும் நிதிச் சந்தைக்கான ஓம்புட்ஸ்மன் சேவை ஒன்றாகிவிட்டது. பேங்க், காப்புறுதி, முதலீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாசல்தான்.

லாரிக்காரன்:

ஒருவகை ஆளை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். கடன்காரனுக்கு ஆலோசகர் யார்? பணம் இருப்பவன் வீட்டுக்குத்தான் இந்த மூன்று பேரும் வருவார்கள், என் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஆலோங்தான், லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்.

மூன்று கிரெடிட் கார்டு, லாரி கடன், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன், எல்லாம் சேர்ந்து 68,000. ஈப்போவில் கடன்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஏகேபிகே என்று ஒன்று இருப்பதை என் முதலாளியின் கணக்கர்தான் சொன்னார். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஒரு காசு வாங்க மாட்டார்கள். சம்பளச் சீட்டு, கார்டு பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அரிசி எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அதன் பிறகு பேங்க்குகளோடு அவர்களே பேசி, எல்லாவற்றையும் ஒரே மாதத் தவணையாக்கிக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆலோங் கடனை அவர்கள் தொட மாட்டார்கள், அதை மாமனாரிடம் நகையை வாங்கித்தான் அடைத்தேன். இந்தப் பேச்சில் இந்தப் பெயரும் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

தாமான் வீடு:

ஈப்போ கணக்கு, நீங்கள் சொன்னதை வைத்து அப்பாவின் எஃப்டி வட்டியையும் ஈபிஎப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், உங்கள் பிளானருக்குக் கட்டணம் எவ்வளவு? மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்ச சம்பளம் வாங்கும் தோட்டத்துக்காரர் அதற்கு எங்கே போவார்?

ஈப்போ கணக்கு:

நியாயமான கேள்வி. எங்கள் இடத்தில் முழுத் திட்டத்துக்கு 2,000 வெள்ளிக்கு மேல் ஆகும், அதை எல்லாராலும் கொடுக்க முடியாது. கொடுக்கத் தேவையும் இல்லை. சொந்தத் தொழில், இரண்டு மூன்று சொத்து, சின்னப் பிள்ளைகள், இப்படிப் பல நூல் சிக்கிக் கிடக்கிறவர்களுக்குத்தான் பிளானர். இந்தத் தங்கச்சியின் அம்மாவுக்கு ஈபிஎப்பே ஆலோசகர் வைத்திருக்கிறது. ஓய்வுக்கால ஆலோசனைச் சேவை என்று கேட்டால் தெரியும், கட்டணம் இல்லை. அவர்களுக்கு விற்க ஒன்றும் கிடையாது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. தங்கச்சி, அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் மட்டும் போய்க் கேட்டு வந்து சொல்லாதீர்கள். பணம் அவருடையது.

செம்பனைக்காட்டு மகள்:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நேற்று ஈப்போவுக்குப் போய் வந்தோம்.

அம்மா அந்த ஆபீசுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றப் பார்த்தார், நான்தான் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்த அதிகாரி மலாய்க்காரப் பெண், என்னைவிடச் சின்ன வயது. அம்மாவை 'மக்சிக்', அதாவது அத்தை, என்றுதான் கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன், எந்த ஃபண்ட், எத்தனை விழுக்காடு என்று. அவர் அதற்கெல்லாம் போகவே இல்லை. மாதம் வீட்டுச் செலவு எவ்வளவு, மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியிலா, கடன் இருக்கிறதா, யார் யார் அம்மாவிடம் பணம் கேட்பார்கள் என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, தம்பி கேட்பான் என்றார். எனக்கே அது தெரியாது.

பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் வாரிசுதாரர் இன்னார் என்று அப்பா பெயரைப் படித்தார். அப்பா 2016-இலேயே இறந்துவிட்டார். இந்த வருடங்கள் முழுக்க அம்மாவின் பணத்துக்கு உயிரோடு இருக்கும் ஒரு பெயர் இல்லை. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்த மூன்று பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு முதலில் வந்தது, ஆனால் மகளாக நானும் கேட்கவில்லை. அங்கேயே பாரம் நிரப்பி, கைரேகை வைத்து, எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாக மாற்றினோம்.

பணத்தை அப்படியே விட்டுவைக்கிறோம். மாதம் 450 வெள்ளி மட்டும் அம்மாவின் பேங்க் கணக்குக்கு வரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது முதல் தொகையைத் தொடாது என்று அதிகாரி பழைய வருடங்களின் லாப ஈவை வைத்துக் காட்டினார், குறைந்த வருடம் வந்தால் என்ன ஆகும் என்றும் காட்டினார். யூனிட் டிரஸ்ட் அக்காவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. காப்புறுதி அண்ணனிடம், லிந்தாங் அண்ணன் சொன்னபடி அந்தத் தாளைக் கேட்டேன், இன்னும் கொண்டுவரவில்லை.

லிந்தாங் சாலை:

நல்ல முடிவு தங்கச்சி. உங்களுக்கு வீட்டுக் கடன் இருந்தால், பிள்ளைகள் இருந்தால், காப்புறுதி பார்க்க வேண்டியது அம்மாவுக்கு அல்ல, உங்களுக்கு. என்னிடம் வாங்கச் சொல்லவில்லை. இரண்டு மூன்று கம்பெனி பார்த்து வாங்குங்கள்.

பழைய மண்டோர்:

அம்மாடி, அந்த வாரிசுதாரர் விஷயத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நான் 55-இல் எடுத்தது போக அதற்குப் பிறகு வேலை செய்த வருடங்களின் பணம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பாரத்தில் யார் பெயரைக் கிராணி எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் கைரேகை மட்டும்தான் வைத்தேன். என் மனைவி இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் மறுபடி ஈப்போ போகும்போது சொல்கிறீர்களா? பஸ் ஏறிப் போய்விடுவேன், உள்ளே போய் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

செம்பனைக்காட்டு மகள்:

மாமா, எனக்கு வியாழக்கிழமை லீவு. அடையாள அட்டையையும் பிள்ளைகளின் அடையாள அட்டை நகலையும் எடுத்து வையுங்கள். எட்டு மணிக்கு பஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் இருங்கள், அம்மாவும் வருகிறேன் என்கிறார், காரிலேயே போய்விடலாம்.